பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அம்மா

(மருத்துவ, சமூகப்பணி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் நலம் பற்றிப் பேசுவேன் என்று சொல்லி என்னை அறிமுகப்படுத்தினார்கள். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு நான் போகப்போவதில்லை. ஒரே ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். வயதானவர், உடம்புக்கு முடியாதவர், எழுந்து உட்காரவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர் முன்னால் ஆராய்ச்சிக்காக ஒரு கேமராவை வைத்துப் பேட்டி எடுக்கிறோம். அதை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதுதான் பேச்சு.

இந்த மாதிரிப் பேட்டிகள் இனி கூடத்தான் போகின்றன. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021ஆம் ஆண்டுக் கணிப்பின்படியே 13 சதவீதத்துக்கு மேல். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். நாடு முழுக்க 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆள் கணக்கில் சுமார் 88 லட்சம். இவர்கள் என்ன படுகிறார்கள் என்பதை எண்களை வைத்து முழுசாகச் சொல்ல முடியாது. அவர்கள் வாயால் சொல்லக் கேட்க வேண்டும், சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே கேமராவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

சொல்லப்போனால் நம் நாட்டில் கேமரா நோயாளிக்கு ஒரு பாதுகாப்பாகத்தான் உள்ளே வந்தது. மருந்துப் பரிசோதனைகளில் ஏழை நோயாளிகளிடம் என்ன ஏது என்று சொல்லாமல் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள் என்ற புகார்கள், இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்திய அதிகார் மஞ்ச் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் வரை போயின. 2013 அக்டோபரில் நீதிமன்றம், சம்மதம் வாங்கும் நடைமுறையை ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்றது. பிறகு 2015இல் அந்தக் கட்டாயத்தைச் சுருக்கினார்கள். புது மருந்து மூலக்கூறுகளின் பரிசோதனையில், எளிதில் பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களுக்கு மட்டும் வீடியோ போதும் என்று ஆனது. 2019ஆம் ஆண்டு விதிகளிலும் அதுவே நிற்கிறது. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எச்.ஐ.வி. மருந்துக்கும் தொழுநோய் மருந்துக்கும் நடக்கும் பரிசோதனைகளில் வீடியோ வேண்டாம், குரல் பதிவு போதும்.

அந்த விதிவிலக்கைச் சும்மா வாசித்துவிட்டுப் போய்விடாதீர்கள். நோயாளியைக் காப்பாற்றக் கேமராவைக் கொண்டுவந்த அதே விதி, சில நோய்களில் முகம் வெளியே தெரிவதே ஒரு கேடு என்று ஒப்புக்கொள்கிறது. எச்.ஐ.வி.க்கும் தொழுநோய்க்கும் உள்ள அந்தக் கூச்சம், படுக்கையில் சிறுநீர் கழித்துவிடுகிற 78 வயது ஆசிரியருக்கு இல்லையா? பெற்ற மகளின் பெயர் நினைவுக்கு வராத அம்மாவுக்கு இல்லையா? எந்த நோய்க்கு முகத்தை மறைக்க வேண்டும் என்று விதி போட்டுப் பட்டியல் எழுதி முடியாது. சம்பந்தப்பட்டவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கத்தான் கேட்கிறோமே, சம்மதப் படிவம் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் படிவத்தைப் பற்றித்தான் எனக்குக் குறை.

பேட்டி தொடங்குவதற்கு முன் கையெழுத்து வாங்குகிறோம். அந்த நேரத்தில் அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? தான் என்ன பேசப்போகிறோம் என்று தெரியாது. எந்தக் கேள்வியில் அழுகை வரும் என்று தெரியாது. கேமரா எங்கிருந்து பார்க்கிறது, தன் கட்டிலுக்கடியில் தொங்குகிற யூரின் பேக் அதில் விழுகிறதா என்று தெரியாது. கண்ணால் பார்க்காத சரக்குக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கிற கதைதான். காகித அளவில் எல்லாம் சரியாக இருக்கும். எத்திக்ஸ் கமிட்டியும் தலையாட்டிவிடும். என் கட்சி இதுதான்: முதல் கையெழுத்து, பேட்டி எடுப்பதற்கான அனுமதி. அவ்வளவே. அந்தப் படத்தை யாரிடமாவது காட்டுவதற்கான அனுமதியை, அவர் அதைப் பார்த்து முடித்த பிறகுதான் வாங்க வேண்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. ஆன் மெக்ஃபெர்சன் ஆக்ஸ்ஃபோர்டில் குடும்ப மருத்துவர், மார்பகப் புற்றுநோய் வந்தவர். ஆண்ட்ரூ ஹெர்க்ஸ்ஹைமர் மருந்தியலாளர், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர். தங்களைப் போன்ற நோயாளிகள் சொல்வதை மற்ற நோயாளிகள் கேட்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து தொடங்கிய திட்டம், 2001இல் இணையத்துக்கு வந்தது. இன்று ஹெல்த்டாக் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே பேட்டி கொடுப்பவர் வீடியோவாகவும் கொடுக்கலாம், குரலாக மட்டும் கொடுக்கலாம், இரண்டும் வேண்டாம் என்றால் எழுத்தாக மட்டும் வரும். வேறொருவர் அதை வாசிப்பார். பேசியதை முழுவதும் எழுதி அவருக்கே அனுப்புகிறார்கள். வேண்டாத இடத்தை அவர் அடித்துவிடலாம். அதற்குப் பிறகுதான் பயன்படுத்தும் உரிமைக்கான கையெழுத்து. இங்கிலாந்தின் லூட்டன் நகர மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்த ஒரு முயற்சியிலும் இதே முறை. நோயாளிகளின் பேட்டிகளைத் தொகுத்துப் படமாக்கி, முதலில் நோயாளிகளுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் சரி என்ற பிறகே மருத்துவர்களும் நர்சுகளும் பார்த்தார்கள். அதன்பின் இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து வார்டில் எதை மாற்றலாம் என்று பேசியிருக்கிறார்கள்.

நான் பார்த்த வரையில், லேப்டாப்பை மடியில் வைத்துப் படத்தைப் போட்டதும் பெரியவர்கள் முதலில் சிரிப்பார்கள். "இவ்ளோ கெழவனாவா ஆயிட்டேன்?" என்று கேட்ட ஐயா ஒருவர் உண்டு. பிறகு உன்னிப்பாகப் பார்ப்பார்கள். வெட்டச் சொல்கிற இடம் நாம் நினைத்த இடமாக இருக்காது. நோயைப் பற்றி, மலம் சிறுநீர் பற்றி, சாவைப் பற்றி அவர் சொன்னதை நாம் பயந்து பயந்து வைத்திருப்போம். "அது இருக்கட்டும், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்பார். ஜாக்கெட் தோளில் தையல் விட்டிருப்பது தெரிகிறது, அதை எடுத்துவிடு என்பார். பல்செட் போடாமல் பேசிய இடம் வேண்டாம் என்பார். அந்தக் கெழவனா ஆயிட்டேனா ஐயா சொன்னது வேறு: "எம் புள்ள வரலன்னு சொன்னேன் பாருங்க தம்பி, அத மட்டும் எடுத்துருங்க. அவன் லீவு கெடைக்காமத்தான் வரல." ஆராய்ச்சியாளருக்கு அந்த ஒரு வரிதான் பேட்டியின் உயிர். எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே டிமென்ஷியாவைக் கொண்டுவந்து குறுக்கே வைப்பார்கள். நேற்றுப் பேட்டி கொடுத்ததே நினைவில்லாதவரிடம் படத்தைக் காட்டி என்ன பயன்?

ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கரின் கதையை உங்களில் பலர் பாடத்தில் படித்திருப்பீர்கள், எச்.எம். என்ற இரண்டெழுத்தாக. வலிப்பு நோய்க்காக 1953இல், 27 வயதில், மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக நடந்த எதையும் அவரால் மனதில் நிறுத்த முடியவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆராய்ச்சியாளர்கள் அவரிடம் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் அவருக்குப் புது ஆட்கள். ஒவ்வொரு சம்மதமும் அவருக்கு முதல் சம்மதம். பல வருடம் அவரே கையெழுத்துப் போட்டார். 1992இல்தான் நீதிமன்றம் அவருக்கு ஒரு காப்பாளரை நியமித்தது. அந்தக் காப்பாளர் நெருங்கிய உறவினர் இல்லை என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. மோலைசன் உயிரோடு இருந்தவரை அவர் பெயரை வெளியே விடாமல் காத்ததை நான் மெச்சுகிறேன். 2008 டிசம்பரில் இறந்ததும் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் சான் டியேகோவில் அவர் மூளையை 2,401 மெல்லிய துண்டுகளாகச் சீவியதை இணையத்தில் நேரலையாகவே காட்டினார்கள். காப்பாளர் ஒப்புக்கொண்டிருந்தார், காகிதமெல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லலாம். மோலைசனிடமே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது யாருக்குத் தெரியும்?

மறதி உள்ளவரால் சம்மதமே தர முடியாது என்பது சோம்பேறித்தனமான முடிவு. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதை நன்றாகப் பிரித்துச் சொல்கிறது. ஒருவருக்குத் திறன் இருக்கிறது என்றுதான் தொடங்க வேண்டும். இல்லை என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். சொன்னது புரிகிறதா, முடிவெடுக்கும் வரை அது மனதில் நிற்கிறதா, அதைச் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, முடிவை எப்படியாவது தெரிவிக்க முடிகிறதா என்பவைதான் கேள்விகள். அதுவும் இந்த ஒரு முடிவுக்கு, இந்த நேரத்தில். நினைவாற்றல் சோதனையில் முப்பதுக்குப் பதினெட்டு வாங்கினார் என்பதால் அவருக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது என்று ஆகிவிடாது. இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாத பாட்டிக்கு, தன் முகத்தை டிவியில் போட வேண்டாம் என்று சொல்லத் தெரியும்.

திறன் இல்லாதவர் விஷயத்தில் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. குடும்பத்தார் சரி என்றாலும், அவர் எதிர்ப்புக் காட்டுவதாகத் தோன்றினால் விட்டுவிட வேண்டும். எதிர்ப்பு என்பது வாய்ச்சொல்லாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவது, முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொள்வது, "காபி குடிச்சீங்களா?" என்று நம்மிடமே திரும்பத் திரும்பக் கேட்டுப் பேச்சை மாற்றுவது எல்லாம் அதில் சேரும். நம் ஊரில் யாரும் டாக்டரிடம் நேராக மாட்டேன் என்று சொல்வதில்லை. "பாக்கலாம் தம்பி" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். ஜேன் டூயிங் என்ற செவிலியர் பேராசிரியர் 2007இல் இதை ஒரு முறையாகவே எழுதி வைத்தார். ஒரு தடவை வாங்கிப் பூட்டி வைப்பதாகச் சம்மதத்தை எண்ணாமல், இந்த மனிதர் நிம்மதியாக இருந்தால் எப்படி இருப்பார், மனம் ஒவ்வாவிட்டால் எப்படி இருப்பார் என்று அவரை அறிந்தவர்களிடம் முதலில் தெரிந்துகொண்டு, பேட்டி முழுக்கக் கவனித்துக்கொண்டே போவது. அதற்குக் கேமராவுக்குப் பின்னால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் முகத்தைப் பார்க்க. லென்ஸ் வழியாகப் பார்ப்பவருக்கு ஃபோகஸ்தான் தெரியும்.

குடும்பத்தார் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மகன் அப்பாவுக்காகக் கையெழுத்துப் போட வருகிறார். அவரும் பாவம், மூன்று நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். கையெழுத்துப் போட்டால் டாக்டர் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார் என்ற நினைப்பும் இருக்கும். ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று எண்ணிக்கொள்ளும் இந்தக் குழப்பத்துக்கு மனநல மருத்துவர் பால் ஆப்பல்பாமும் அவருடைய சகாக்களும் 1982இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். நம் வார்டுகளில் அது தினசரிக் காட்சி. ஆகவே, வைத்தியம் பார்க்கிற டாக்டர் சம்மதம் கேட்கப் போகக் கூடாது. வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறொருவர் போகட்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் விளக்கிச் சொல்லும் நேரம் முழுக்க உடனிருக்க வேண்டும் என்று நம் விதிகளிலேயே இருக்கிறது. ரேகை வைக்கும் நிமிடத்தில் கூப்பிட்டு நிறுத்துகிற ஆள் சாட்சி ஆக மாட்டார்.

இனி சின்னச் சின்ன விஷயங்கள். இவை எந்த வழிகாட்டி நெறியிலும் தடித்த எழுத்தில் இருக்காது.

காலர் மைக்கை நீங்களாகப் போய் மாட்டாதீர்கள். அது ஜாக்கெட்டிலோ முந்தானையிலோ போகிற சாதனம். ஒரு பெண் மாட்டட்டும், அதுவும் கேட்டுவிட்டு. பேட்டி முடிந்ததும் முதல் வேலை மைக்கைக் கழற்றுவது. கேமராவை அணைத்துவிட்டு மூட்டைகட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த அம்மா மைக்கோடு கழிவறைக்குப் போவார், அல்லது பக்கத்துக் கட்டில்காரரிடம், "மருமக இப்பல்லாம் ஒரு வேளதான் சோறு போடுறா" என்பார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

நேரத்தைப் பாருங்கள். இன்சுலின் போட்டாயிற்று, சாப்பாடு வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு கேள்வி என்று இழுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். டிமென்ஷியா உள்ளவர்களில் பலருக்குச் சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடும், காலையில் போங்கள். கண்புரை உள்ளவர் முகத்தில் விளக்கை அடிக்காதீர்கள். ஃபிரேமுக்குள் கேஸ் ஷீட், கட்டிலில் ஒட்டிய பெயர்ச்சீட்டு, பக்கத்துக் கட்டில் நோயாளியின் முகம் ஏதாவது விழுகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் எதற்கும் சம்மதம் தரவில்லை.

மருமகள் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், அதுதான் கடினமானது. பேட்டியின் நடுவில், கேமரா ஓடும்போதே ஒருவர் தன்னை வீட்டில் அடிக்கிறார்கள் என்கிறார். ரகசியம் காப்போம் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். சாயங்காலம் டிஸ்சார்ஜ் ஆகி அதே வீட்டுக்குத்தான் போகிறார். என்ன செய்வீர்கள்? இதற்கான பதிலை அப்போது யோசிக்க முடியாது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்ல வேண்டியவரிடம் சொல்வோம் என்பதைத் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரிடம் சொல்வது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்: மருத்துவமனையின் சமூகப் பணியாளரா, 14567 என்ற முதியோர் உதவி எண்ணா, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த கோட்டாட்சியர் தீர்ப்பாயமா. அவர் வேண்டாம் என்று கெஞ்சினால் என்ன என்பதையும் குழு பேசி வைத்திருக்க வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பூட்டுங்கள். எந்தக் காரணம் கொண்டும் அது கருத்தரங்குத் திரைக்குப் போகக் கூடாது. படம் பார்க்கிற ஐந்நூறு பேரில் ஒருவர் அந்த மருமகளின் ஊர்க்காரராக இருந்தால் போதும்.

முகத்தை மங்கலாக்கிவிடலாமே என்று கேட்பார்கள். கண்ணின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் அடையாளம் மறைந்துவிடாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவே சொல்லிவிட்டது. குரல் இருக்கிறது, பேச்சு வழக்கு இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது. சொந்தக்காரருக்கு இவற்றில் ஒன்று போதும். தவிர, முழுக்க மங்கலாக்கிய முகத்தைக் காட்டுவதென்றால் வீடியோ எதற்கு? குரல் பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கிற இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டர் அரசு மருத்துவமனையில், குற்ற வழக்குகளில் சிக்கிய மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்தார்கள். ஆவணப்பட இயக்குநர் பிரெடெரிக் வைஸ்மன் உள்ளே போய் 'டிடிகட் ஃபாலீஸ்' என்ற படத்தை எடுத்தார். 1967இல் வந்தது. நிர்வாணமாக அறையில் அடைபட்டவர்கள், அவர்களைச் சீண்டுகிற காவலர்கள், வாயில் சிகரெட்டோடு ஒரு நோயாளியின் மூக்கில் குழாய் செருகி உணவு ஊற்றுகிற மருத்துவர். சாம்பல் இப்போது விழுமோ அப்போது விழுமோ என்று நீண்டு நிற்கும். கண்காணிப்பாளர் அனுமதி தந்துதான் படம் எடுத்தார். ஆனால் நோயாளிகளின் அந்தரங்கம் மீறப்பட்டது என்று மாநில அரசே வழக்குப் போட்டது. பொதுமக்கள் பார்க்க விழுந்த தடை 1991இல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்கள் மட்டும் பார்க்கலாம். அந்த நோயாளிகளிடம் உருப்படியாகச் சம்மதம் வாங்கியிருக்க முடியாது என்பது உண்மை. அந்தரங்கத்தின் பெயரால் அரசு காத்தது தன் மானத்தை என்பதும் உண்மை. நம் ஊரிலும், "பேஷன்ட் பிரைவசி" என்று சொல்லி ஒரு முதியோர் வார்டின் கதவைச் சாத்துகிறவர்கள், அதே வார்டில் நன்கொடையாளர் ஆப்பிள் கொடுக்கும்போது பாட்டிகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுக்க விடுகிறார்கள். அதற்கு யார் கையெழுத்து வாங்கினார்கள்?

எடுத்த பிறகு படம் எங்கே போகிறது என்பதில்தான் இன்றைக்கு அதிகக் கசிவு. சொந்த ஃபோனில் எடுத்தால் அது தானாகவே கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏறிவிடலாம். குழுவுக்குள் அனுப்ப வாட்ஸ்அப்தான் சுலபம், அங்கிருந்து ஒரு ஃபார்வர்டு தூரத்தில் உலகம். ஆய்வுக்கென்று தனிக் கேமரா, பூட்டிய டிரைவ், யார் திறந்தார்கள் என்ற பதிவேடு வையுங்கள். எத்தனை வருடத்தில் அழிப்போம் என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள். எங்கெல்லாம் காட்டலாம் என்பதற்கும் ஒரே கட்டம் போதாது. ஆய்வுக் குழு மட்டும், மருத்துவமனை ஊழியர் பயிற்சி, கருத்தரங்கு, இணையம் என்று தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். முதல் இரண்டுக்குச் சரி என்று சொல்பவர் நான்காவதுக்குத் தலையை ஆட்டி மறுப்பதை அடிக்கடி பார்க்கலாம். சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆராய்ச்சிக்கு அந்தச் சட்டத்தில் சில சலுகைகள் உண்டு. அதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்துவிட்டு, விருப்பமில்லை என்றால் எழுதுங்கள் என்று ஒரு 80 வயது அம்மாவிடம் சொல்வது கேலிக்கூத்து. ஒரு ஃபோன் நம்பர், எடுத்துப் பேச ஓர் ஆள்.

அவர் இறந்த பிறகு? இதைக் கேட்க நமக்குத்தான் கூச்சம், அவர்களுக்கு இல்லை. "நீங்க இல்லாத காலத்துலயும் இந்தப் படத்த வச்சுக்கலாமா அம்மா, வீட்ல கேட்டா கொடுக்கலாமா?" என்று கேட்டால் தெளிவாகப் பதில் வரும். பேத்திக்குக் கொடு, மகனுக்குக் கொடுக்காதே என்றுகூட வரும். எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, பணம் ஏது என்று உங்கள் வழிகாட்டிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே ஆய்வுத் திட்டம் எழுதும்போதே, ஒவ்வொருவரையும் இரண்டாம் முறை பார்க்கப் போவதற்கான நாளையும் ஆட்டோ செலவையும் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். ஊருக்குத் திரும்பிப் போனவர் என்றால் பஸ் செலவும் சேரும். வெட்டச் சொன்னதை வெட்டி மறுபடி காட்ட எடிட்டருக்கு இரண்டு நாள் கூலி போடுங்கள். இந்த வரிகள் இல்லாத திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று எத்திக்ஸ் கமிட்டியில் இருக்கிற நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும் தம்பி, கேள்வி கேட்பவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.